கம்பளியில் எழுந்த கொழுந்து

மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில் நானுஓயாவில் விடியற்காலை எழுவது ஒரு சிறு தவம் என்றே சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல் அமைந்த ஊர் இது. 1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. அன்று தொட்டு, நுவரெலியாவுக்குச் செல்வோர் வண்டியை விட்டு இறங்கியதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் இடம் இதுவே. சில இரவுகளில் உறைபனி விழும். மறுநாள் வெயில் ஏறியதும் பள்ளங்களிலுள்ள தேயிலைக் கொழுந்து தீய்ந்து கறுத்துவிடும். அத்தகைய காலையொன்றில், சீமெந்துத் தரையில் வெறுங்காலை வைத்தபோது நம் உள்ளத்தில் எழுந்த ஓர் எளிய ஆசையே இவ்வாரம் இப்பகுதியை எழுதத் தூண்டிற்று. நல்ல கம்பளிக் காலுறை ஒரு சோடி வேண்டும் என்பதே அவ்வாசை.

அது 2025 சனவரி. அன்று மாலையே நுவரெலியாக் கடைவீதிக்குச் சென்றோம். பொறியில் பின்னிய குளிர்ச்சட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்த கடையொன்றின் மூலையில், கயிறொன்றில் கைவேலைப் பொருள்கள் சில தொங்கின: குழந்தைகளுக்கான குல்லாய், கழுத்துப் பட்டி, கையுறை. அவற்றின் நடுவே கரும்பச்சை நிறத்தில் ஒரு சோடி காலுறை. நம்மவர் ‘மேசு’ என்பார்களே, அதுதான். கணுக்காலுக்குச் சற்று மேலே, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து அதில் துளிர்த்திருந்தது. தைத்து ஒட்டிய இலையன்று. சாயம் தோய்த்து எழுதியதுமன்று. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தட்டுப்படும்படி, பின்னலிலிருந்தே புடைத்து எழுந்திருந்தது.

கடைக்காரர் 900 ரூபாய் என்றார். நாம் 600 என்றோம். அவர் முகம் சுளித்தார். நாம் நடக்கத் தொடங்கினோம். அவர் திரும்ப அழைத்தார். ஈற்றில் 700 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, இருநூறு ரூபாய் மீதப்படுத்திய பெருமிதத்துடன் வீடு திரும்பினோம். இப்பெருமிதத்தை நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் காலுறையை அணிய முற்பட்டபோது விரற்பகுதியில் ஏதோ தடுத்தது. வடிவம் குலையாதிருக்கும் பொருட்டு அதனுள் தாள் ஒன்றைக் கசக்கித் திணித்திருந்தார்கள். எடுத்து விரித்தோம். கட்டம் போட்ட கணிதக் கொப்பியின் தாள் அது. ‘1, 3, 5, 7 என்னும் கூட்டல் விருத்தியின் n ஆம் உறுப்பைக் காண்க’ என்ற வினா எழுதப்பட்டிருந்தது. விடைக்குரிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. அதன் கீழே சிவப்பு மையில், ‘முயற்சி போதாது’ என்றிருந்தது. அந்தச் சிவப்பு எழுத்து நம்முடையது!

கணிதம் கற்பிக்கும் நமக்கு மாணவர் கையெழுத்தும் பழக்கமானதே. வகுப்பின் பின்வரிசையில் தலை நிமிராது அமர்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையின் எழுத்து அது. முந்தைய சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மட்டும் சித்தியெய்தத் தவறி, பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் குடும்பம் வாழும் தோட்டத்து லயத்தை நோக்கி நடந்தோம்.

வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டு பாட்டியும் பேர்த்தியும் பின்னிக்கொண்டிருந்தார்கள். நம்மைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள். ஊசிகளைப் பின்னால் மறைத்தாள். குற்றம் செய்தவள்போல அவள் நின்ற நிலையைக் கண்டு நமக்கே நாணமுண்டாயிற்று. “இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பின்னுகிறாயே, பிள்ளை! பிறகு ஏன் கணக்கு வரவில்லை?” என்று கேட்டோம்.

“இது கணக்கில்லை, சேர். இலை” என்றாள்.

பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாகக் கரும்பலகைமுன் நின்ற நமக்கு அந்த விடை போதிய தண்டனையாக அமைந்தது. “அப்படியானால் இலை எவ்வாறு பின்னுவது என்று எனக்குச் சொல்லிக் கொடு” என்று திண்ணையில் அமர்ந்தோம். அன்று நாம் கற்றதைக் கைவேலையில் ஆர்வமுள்ள குடும்பத்தார்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறோம்.

காலுறை பின்னுவதற்கு இருமுனையும் கூரான ஊசிகள் ஐந்து வேண்டும். நான்கு ஊசிகளில் கண்ணிகள் சதுரமாக அமர்ந்திருக்க, ஐந்தாவது ஊசி சுற்றிச் சுற்றி வேலை செய்யும். மெல்லிய நூலாயின், ஊசிக்குப் பதினாறாக மொத்தம் 64 கண்ணிகள் கணுக்காலுக்குப் போதும். கண்ணிகள் இருவகைப்படும். புதிய வளையத்தை நம்மை நோக்கி முன்புறமாக இழுத்தால் வழவழப்பான முகம் தெரியும். அதனை நேர்க்கண்ணி என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்புறமாக இழுத்தால் சிறு மணிபோல வளைந்த முதுகு தெரியும், அது மறுகண்ணி. பின்னற்கலை முழுவதும் இவ்விரண்டன் விளையாட்டே. மறுகண்ணிகளின் நடுவே நேர்க்கண்ணிகளை நிரையாக நிறுத்தினால், மறுகண்ணிகள் பின்வாங்கிக்கொள்ள நேர்க்கண்ணிகள் முன்வந்து நிற்கும். ஆதலால், புடைப்பு இலைக்கு மறுகண்ணிப் பரப்பே நிலமாகும்.

அந்த நிலத்தில் ஒரேயொரு நேர்க்கண்ணியை நட வேண்டும். அதுவே இலையின் நடுநரம்பு. அதன் இருமருங்கும் நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றிக்கொண்டால் இரு புதிய கண்ணிகள் பிறக்கும், ஒன்று மூன்றாகும். அடுத்த வரியைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே பின்ன வேண்டும். அதற்கடுத்த வரியில், நடுக்கண்ணியின் இருமருங்கும் மீண்டும் நூலைச் சுற்றினால் மூன்று ஐந்தாகும். இவ்வாறு ஒரு வரி விட்டு ஒரு வரியாக 1, 3, 5, 7, 9 என்று இலை அகன்று செல்லும். நூல் சுற்றிய இடங்களில் தோன்றும் சிறு துளைகள் நடுநரம்பின் இருபுறமும் அழகாக நிரை கொள்ளும். ஒன்பதை எட்டிய பின், இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும்; 7, 5, 3 என்று இலை ஒடுங்கி, ஈற்றில் மூன்றையும் ஒரே கண்ணியாக முடித்தால் இலை கூர்மை பெறும். பதினாறு வரிகளில் ஓர் இலை. மொட்டு வேண்டுமாயின் ஐந்தோடு நிறுத்திக் குறைத்துவிடலாம்.

மாணவர்களே, நாம் அவள் தாளில் இட்ட வினாவும் 1, 3, 5, 7 என்பதே அன்றோ! விடைக்கு இடம் விட்டு வெறுமையாய்க் கொடுத்த அதே பிள்ளை, அவ்விருத்தியை நாள்தோறும் விரல்களால் ஏற்றியும் இறக்கியும் வந்திருக்கிறாள். நாம் கரும்பலகையில் எழுதியதற்கும் அவள் மடியில் கிடந்ததற்கும் இடையே ஒரு சிறு பாலம் போட்டிருக்க வேண்டியவர் ஆசிரியர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வதில் நாம் குறைவைத்ததில்லை; நமக்கே சொல்லிக்கொள்ளத்தான் மறந்திருந்தோம்.

இலை புடைத்து எழுவதற்கான காரணத்தையும் அன்று கண்டோம். தட்டையான இலையும் பின்னலில் உண்டு. அதிலே, ஓரிடத்தில் கண்ணி கூட்டினால் பக்கத்திலேயே ஒரு கண்ணியைக் குறைத்துவிடுவார்கள். வரியின் மொத்தம் மாறாது. துணி சமமாய்ப் படிந்திருக்கும். புடைப்பு இலையில் அவ்வாறு பக்கத்தில் குறைப்பதில்லை. கொப்பியில் கணக்கிட்டுப் பார்த்தோம். பதினாறு வரிகளுக்கு ஒரு கண்ணி அகலமென்றால் அங்கே 16 கண்ணிகளுக்கே இடமுண்டு. இலைக்கோ வரிவரியாகக் கூட்டினால் 80 கண்ணிகள் வருகின்றன. மிகையான 64 கண்ணிகளுக்குத் துணியில் இருக்க இடமில்லை. பக்கத்தில் விலக வழியில்லாததால் அவை மேலே எழுகின்றன. இதனைக் கூறியபோது பாட்டி சிரித்துக்கொண்டே, “லயத்து வீடும் அப்படித்தான் ஐயா. உள்ளே இடமில்லை, அதனால்தான் எல்லோரும் வாசலில் இருக்கிறோம்” என்றார்.

பாட்டி இதனைக் கற்றது எவ்வாறு? அறுபதுகளின் தொடக்கத்தில், சிறுமியாகத் துரை பங்களாவில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனாராம். துரைசாணி அம்மா மாலை வேளைகளில் ஆங்கிலப் புத்தகமொன்றை விரித்து வைத்துக்கொண்டு காலுறை பின்னுவாராம். பாட்டிக்கு ஆங்கிலமும் தெரியாது; எழுத்தும் தெரியாது. ஆகவே புத்தகத்தைப் பாராமல் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குடைக்கம்பியை அறுத்துக் கல்லில் தீட்டி ஊசி செய்துகொண்டு, பழைய சட்டையைப் பிரித்த நூலில் பழகியிருக்கிறார். துரைசாணியின் காலுறையில் இருந்தது ஏதோ சீமை மரத்து இலை. பாட்டி அதை மாற்றி, தாம் அறிந்த கொழுந்தைப் பின்னினார். அறுபது ஆண்டுகளாக எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் அது ஒரு குடும்பத்துப் பெண்களின் விரல்களிலேயே வாழ்ந்து வருகிறது.

மலையகத்துக்குக் கம்பளி வந்த வரலாறு இனிமையானதன்று. கோப்பித் தோட்டக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து மலையேறி வந்தோர்க்கு அரிசியும் கம்பளியும் பெரும்பாலும் முற்பணமாகவே கொடுக்கப்பட்டன. மழைக்கும் பனிக்கும் அந்த முரட்டுக் கம்பளி ஒன்றே காப்பு. அதன் விலையோ கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. கடன் தீராதவர் வேறு தோட்டம் செல்வதற்குக் கடன் தொகை குறித்த ‘துண்டு’ வேண்டியிருந்தது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்வாறு நம் முன்னோர்க்குக் கம்பளி என்பது முதலில் பேரேட்டில் ஏறிய கடனாக வந்தது. அதே கம்பளி இன்று ஒரு பிள்ளையின் கையிலிருந்து விற்பனைப் பொருளாகக் கடைக்குச் செல்கிறது. அப்படிச் செல்லும்போதாவது கணக்கு நேராக இருக்க வேண்டாமா?

உருவம் மேலெழுமாறு செய்யும் வேலை நம் மரபுக்குப் புதிதன்று. தஞ்சாவூர்த் தட்டை நேயர்கள் கண்டிருப்பர். வெள்ளித் தகட்டிலும் செப்புத் தகட்டிலும் தெய்வ உருவங்களைப் புடைக்கச் செய்து, பித்தளைத் தட்டின்மேல் பதிப்பார்கள். உலோகத்தில் புடைப்பு, அடியினாலும் அழுத்தத்தினாலும் வருகிறது. நூலில் அது எண்ணிக்கையினால் வருகிறது. கருவிகள் வேறாயினும், தட்டையாய்க் கிடந்ததற்கு உயிர்ப்பு ஊட்டும் நோக்கம் ஒன்றே.

நீலகிரியில் வாழும் தோடர்குலப் பெண்களின் பூவேலை இதனினும் நமக்கு நெருங்கியது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில், சிவப்பும் கறுப்புமான நூல்களால் அவர்கள் பூவேலை செய்கிறார்கள். முன்கூட்டி உருவம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். நூலைச் சற்றே தளர விட்டு மேடாக்குவதால் வேலை தையலென்று தோன்றாமல், நெய்த புடைப்புப் போலத் தோன்றும். 2013ஆம் ஆண்டில் இவ்வேலைக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இன்ன இடத்து இன்ன மக்களின் வேலை இது என்று சட்டமே ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இங்கிருந்து சென்ற நம் உறவினர் பலர் அந்த நீலகிரித் தேயிலை மலைகளிலேயே குடியேறினர். நாம் கண்ட பாட்டியின் தமக்கையாரும் அவர்களுள் ஒருவர். கோத்தகிரியில் அவரும் இதே கொழுந்தைப் பின்னிக்கொண்டிருக்கக்கூடும் என்று பாட்டி நம்புகிறார்.

நம் நாட்டிலும் கைவினைஞரை மதித்து எழுதிய பெரியார் ஒருவர் இருந்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தபோது, பாறைகளைத் தேடிச் சென்ற வழியெல்லாம் கைவினைஞரையும் தேடிக் கண்டார். கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில், இலைக்கொடி முதலிய சித்திர வகைகளோடு, அவற்றை ஆக்கிய மனிதரின் வாழ்க்கை நிலையையும் எழுதினார். அவருடைய துணைவியார் எதல் அவ்வாராய்ச்சியில் உடனுழைத்து, நிழற்படங்கள் எடுத்தார்; பிற்காலத்தில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற கைத்தறிக் கலைஞராக விளங்கினார். பொருளை வியப்பவர், அதைச் செய்தவர் எவ்வாறு வாழ்கிறார் என்றும் கேட்க வேண்டும் என்பதே அந்நூலிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

அவ்வாறு கேட்டுப் பார்ப்போம். அவள் பின்னும் வேகத்தைக் கைக்கடிகாரத்தை வைத்து அளந்தோம். நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு கண்ணிகள். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம். ஒரு காலுறையில் 64 கண்ணி கொண்ட சுற்றுகள் 160 இருந்தன. குதிகால், விரல்முனை, இலைகளின் மிகைக் கண்ணிகள் யாவும் சேர்ந்தால் ஏறத்தாழ 12,000 கண்ணிகள். சோடிக்கு 24,000. எனவே ஒரு சோடிக்கு 24 மணித்தியாலம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமாக மூன்று நாள் வேலை.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதனையே அளவுகோலாகக் கொண்டால் மூன்று நாளுக்கு 4,050 ரூபாய். அந்தக் கூலியே போதாதென்று போராட்டம் நடந்தது வேறு கதை. சரி, இப்பிள்ளைக்குக் கிடைத்தது எவ்வளவு? கடைக்காரர் கொடுத்தது 500 ரூபாய். நூலுக்குச் செலவானது 350 ரூபாய். மூன்று நாள் உழைப்புக்கு எஞ்சியது 150 ரூபாய். மணித்தியாலத்துக்கு ஆறு ரூபாய் இருபத்தைந்து சதம்!

நாம் பேரம் பேசி மீதப்படுத்தியதோ 200 ரூபாய். அவளுடைய மூன்று நாள் வருவாயை விட, கடை வாசலில் மூன்று நிமிடம் நின்று நாம் பறித்தது மிகுதி. வாங்குவோர் விலையைக் குறைக்கின்றனர் என்று காரணம் காட்டி, அடுத்த சோடிக்கு 450 ரூபாய்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். நம் பெருமிதத்துக்கு வந்த கணக்கு இதுவே. வீடு வந்து இதனைச் சொன்னபோது நம் துணைவியார், “கண்ணியை எண்ண அவளுக்குத் தெரிகிறது, கூலியை எண்ணத்தான் நம் இருவருக்கும் தெரியவில்லை” என்றார். அதற்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை.

“பொறி செய்யும் காலுறை மலிவாகக் கிடைக்கும்போது கைவேலைக்கு எப்படி அவ்வளவு கொடுப்பது?” என்று நேயர்கள் வினவலாம். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் நொட்டிங்காம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்னும் மதகுரு, காலுறை பின்னும் பொறியை 1589ஆம் ஆண்டிலேயே அமைத்துவிட்டார். அன்று தொடங்கிய போட்டி இது. ஆயினும் கைப்பின்னல் அழிந்துபோகவில்லை. எகிப்து நாட்டில் கண்டெடுத்த, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கம்பளிக் காலுறைகள் இலண்டன் அரும்பொருட்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. செருப்பு வாருக்கு ஏற்பப் பெருவிரலுக்குத் தனியறை விட்டு யாரோ ஒருவர் கையால் செய்தவை. செய்தவரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. பொறியின் விலையில் கையின் வேலையைக் கேட்பதே நாம் செய்யும் பிழை. மலிவு வேண்டுவோர் பொறிக் காலுறையை வாங்கிக்கொள்ளட்டும், அதில் இழுக்கொன்றுமில்லை. கைவேலையை விரும்பி எடுப்பவர் அதற்குரிய நேரத்துக்கு விலை கொடுத்தல் வேண்டும்.

இனி, நம்மால் ஆகக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிப்போம். கைவேலை செய்யும் குடும்பங்கள், நூல் வாங்கிய செலவை ஒரு கொப்பியில் எழுதுவது போலவே, செலவிட்ட நேரத்தையும் எழுதி வர வேண்டும். எழுதாத நேரத்துக்கு எவரும் விலை கொடார். நான்கைந்து வீட்டார் ஒன்றுகூடி நூலை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும்; தாமே ஒரு விலையைத் தீர்மானித்து அதனின்று இறங்காதிருக்கவும் துணிவு வரும். மாணவர்கள், பாட்டிமாரின் விரல்களில் உள்ள சித்திரங்களைக் கட்டம் போட்ட கொப்பியில் வரைந்து வைக்கலாம்: ஒரு கட்டம் ஒரு கண்ணி, ஒரு நிரை ஒரு வரி. அவ்வாறு வரைந்தால் ஒரு குடும்பத்தின் கலை அக்குடும்பத்தோடு மறையாது. கூட்டல் விருத்தியும் தானே மனத்தில் பதியும். ஆண்பிள்ளைகள் இதனைப் பெண்கள் வேலையென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் பழைய பின்னற் சங்கங்களில் ஆடவர்களே உறுப்பினராயிருந்து, கடுஞ்சோதனை கொடுத்துத் தேறிய பின்பே தொழில் நடத்தினர்.

அந்தப் பிள்ளையின் செய்தியையும் கூறிவிட வேண்டும். சித்திரை வருடப்பிறப்பு கழிந்ததும் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புவதென்று தந்தையார் முடிவு செய்திருந்தார். பரீட்சையை மீண்டும் எழுதும்வரை பொறுக்குமாறு கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “நீங்கள் சொல்வதற்காக, ஐயா” என்றார். ஞாயிறுதோறும் அந்தத் திண்ணையில், காலுறையை நடுவே வைத்துக்கொண்டு கணிதம் படித்தோம். 2025 மார்ச்சில் எழுதினாள். யூலையில் பெறுபேறு வந்தது. சாதாரண சித்தி. பாராட்டு விழா எடுக்கத்தக்க புள்ளியன்று. எனினும் உயர்தர வகுப்பின் கதவைத் திறக்க அது போதுமானதாயிற்று.

அதன்பின் நாம் இன்னொரு சோடி காலுறைக்குச் சொல்லி வைத்தோம். “விலையை நீயே கணக்கிட்டு எழுதித் தா” என்றோம். நூல் 350, கூலி 4,050, மொத்தம் 4,400 என்று எழுதினாள். பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 2,500 என்று எழுதினாள். ஏனென்று கேட்டோம்.

“நாலாயிரத்துக்கு யார் வாங்குவார்கள், சேர்?”

நாம் 4,400 ரூபாயைக் கொடுத்தோம். ஆனால் அது அவள் கேள்விக்கு விடையாகாது என்பதை அறிவோம். ஓர் ஆசிரியரின் சட்டைப் பை ஒரு மலைநாட்டின் கூலிக் கணக்கைத் தீர்த்துவிடாது. 2,500 ரூபாய்க்கு வாங்க இதுவரை இருவர் முன்வந்திருக்கிறார்கள். கடைக்காரர் இன்னும் 450 ரூபாயிலேயே நிற்கிறார். வினா இப்போது, வாங்குவோராகிய நம் எல்லோர்முன்னும் இருக்கிறது.

புதிய காலுறையின் விரற்பகுதியிலும் தாள் ஒன்று திணித்திருந்தது. விரித்துப் பார்த்தோம். அவள் போட்ட விலைக் கணக்குத்தான். சிவப்பு மைக்கு அதில் வேலை இருக்கவில்லை.